சோத்தெர்ன் ஒயினை விருந்தில் பரிமாறுவது எப்படி: பாட்டில் வாங்குவது முதல் மிச்சத்தை வைப்பது வரை முழு வழிகாட்டி

பிரான்சின் போர்தோ நகரில் ஓர் உணவகத்தில் சில வருடங்கள் பரிமாறும் வேலை பார்த்தேன். புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். சோத்தெர்ன் அந்தப் பக்கத்து இனிப்பு வெள்ளை ஒயின், அப்படியானால் சாப்பாட்டு முடிவில் இனிப்போடு கொடுக்க வேண்டியதுதானே என்று சாக்லேட் கேக்கின் பக்கத்தில் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்துவிடுவார்கள். வாங்கியவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, இவ்வளவு காசு கொடுத்த ஒயின் எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று முகத்தைச் சுளிப்பார். நானும் முதல் மாதம் அதைத்தான் செய்தேன். ஒயினில் குறை இல்லை, பக்கத்தில் வைத்த தட்டில்தான் குறை.

கீழே உள்ளது ஆறு பேர் சாப்பிடும் வீட்டு விருந்துக்கான வரிசை. இதை மாற்றிச் செய்தால் ஏதாவது ஒன்று உதைக்கும், அதனால் எண் போட்டிருக்கும் வரிசையிலேயே போங்கள்.

1. பாட்டிலை வாங்கும் முன் தட்டை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் முதலில் பாட்டிலை வாங்கிவிட்டு, அப்புறம் இதோடு என்ன சாப்பிடலாம் என்று தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். இளம் சோத்தெர்னுக்கு ஏற்ற உணவு வேறு, இருபது வருடப் பாட்டிலுக்கு ஏற்றது வேறு. தட்டு தெரிந்தால்தான் எந்த வயது, எவ்வளவு கனம், எவ்வளவு செலவு என்று முடிவாகும்.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான்: தட்டில் இருப்பதைவிட ஒயின்தான் இனிப்பாக இருக்க வேண்டும். உணவு அதிக இனிப்பாக இருந்தால் நாக்கு அந்த இனிப்புக்குப் பழகிவிடும். அதன்மேல் ஒயின் வரும்போது அதன் சர்க்கரை தெரியாது, புளிப்பு மட்டும் மேலே வந்து நிற்கும். பாயசம் குடித்தபின் சர்க்கரை போட்ட காபியும் சப்பென்று இருக்குமே, அதே கதைதான். மாறாக உப்பும் கொழுப்பும் உள்ள உணவு ஒயினின் இனிப்பைத் தூக்கிக் காட்டும், ஒயினின் புளிப்பு வாயில் ஒட்டிய கொழுப்பைக் கழுவிக்கொண்டு போகும்.

இந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். சோத்தெர்னில் யாரும் சர்க்கரை கொட்டி இனிப்பாக்குவதில்லை. இலையுதிர் காலத்தில் சிரோன் என்ற சின்ன ஆற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றின் சற்றே சூடான நீரோடு கலக்கும் இடத்தில் காலையில் மூடுபனி எழும்பும். அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சணம் திராட்சையில் பிடிக்கும், மத்தியான வெயிலில் காயும். பூஞ்சணம் தோலைத் துளைக்க, உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, சர்க்கரை, புளிப்பு, வாசம் மூன்றும் சேர்ந்து சுண்டிப்போகும். சுண்டிய பழத்தை மட்டும் பொறுக்க ஆட்கள் ஒரே தோட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போவார்கள். ஆக, உங்கள் கிளாஸில் லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் சர்க்கரை இருந்தாலும், அதைத் தாங்கிப் பிடிக்கும் புளிப்பும் கூடவே இருக்கிறது. அதனால்தான் அது வெறும் சர்க்கரைப் பாகாக இல்லாமல் சாப்பாட்டோடு ஒத்துப்போகிறது.

2. விருந்தில் எந்த இடத்தில் ஊற்றுவது

மூன்று இடங்கள் உண்டு: தொடக்கத்தில் ஃபுவா க்ராவோடு (கொழுக்க வைத்த வாத்தின் ஈரல்), சாப்பாட்டுக்குப் பின் சீஸோடு, கடைசியில் இனிப்போடு. முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் சீஸ் வரும் இடத்தைத்தான் சொல்வேன். அதற்குப் பின் வேறு ஒயின் வராது, எதுவும் கெடாது.

தொடக்கத்தில் ஊற்றினால் சிக்கல் இருக்கிறது. பிரான்சில் கிறிஸ்துமஸ் விருந்தை ஃபுவா க்ராவும் சோத்தெர்னுமாகத் தொடங்குவது வழக்கம், சுவையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்து வரும் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் தண்ணீராகவும் கடுப்பாகவும் தோன்றும், சிவப்பு ஒயின் கசக்கும். வழி இதுதான்: நடுவில் தெளிவான சூடான சூப் ஒன்று கொடுங்கள், ரொட்டியும் தண்ணீரும் மேசையில் இருக்கட்டும், பத்து நிமிடம் பேச விடுங்கள். சூப் வைக்க நேரமில்லை என்றால் தொடக்கத்தில் சோத்தெர்னே வேண்டாம்.

3. லேபிளைப் படிப்பது

இங்கேதான் காசு வீணாகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஊர்ப் பெயர். சோத்தெர்ன், பர்சாக், பொம், ஃபார்க், பிரேன்யாக் ஆகிய ஐந்து ஊர்களில் விளைவதுதான் சோத்தெர்ன் என்ற பெயரைத் தாங்கலாம். பர்சாக்காரர்கள் மட்டும் பர்சாக் என்றோ சோத்தெர்ன் என்றோ போட்டுக்கொள்ளலாம். பர்சாக் மண் சுண்ணாம்புப் பாங்கானது, அங்கிருந்து வரும் ஒயின் பொதுவாகக் கொஞ்சம் லேசாகவும் புளிப்புத் தூக்கலாகவும் இருக்கும். மீன், இறால், பழ இனிப்பு என்று யோசிப்பவர்கள் பர்சாக்கை எடுங்கள். ரோக்ஃபோர் என்ற உப்பான நீலச் சீஸ், ஃபுவா க்ரா என்றால் மற்ற நான்கு ஊர்களின் கனமான பாட்டில் தாங்கும்.

அமெரிக்காவில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு இதே மாதிரிப் பெயரில் மலிவான வெள்ளை ஒயின் விற்று வந்தார்கள். அதற்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது, தரவரிசை. போர்தோ ஒயின் தோட்டங்களைத் தரம் பிரித்த 1855ஆம் ஆண்டு வகைப்படுத்தலில் ஷத்தோ ஈக்கெம் (ஷத்தோ என்றால் ஒயின் தோட்டம்) மட்டும் தனியாக உச்சியில் நிற்கிறது. அடுத்து முதல் தரத்தில் 11 தோட்டங்கள்: சுதுய்ரோ, ரியூசெக், கிரோ, கிளிமான்ஸ், கூத்தே போன்றவை. அதற்கடுத்து இரண்டாம் தரத்தில் 15. வீட்டு விருந்துக்கு இரண்டாம் தரத்திலேயே துவாசி-தான், தெ மால் போன்றவை தாராளமாகப் போதும். தரவரிசையில் இல்லாத ஷத்தோ தெ ஃபார்க், ரெமோன்-லஃபோன் இரண்டையும் யாரும் குறைவாக நினைப்பதில்லை, விலையும் அப்படித்தான்.

மூன்றாவது, ஒரு பொறி. இதே தோட்டங்கள் இனிப்பில்லாத வெள்ளை ஒயினும் செய்கின்றன. ஈக்கெம்மின் அந்த ஒயினுக்குப் பெயர் ஒற்றை எழுத்தில், வெறும் ‘ஈக்ரெக்’ (Y). கிரோவுக்கு ‘ஜே’ (G), ரியூசெக்குக்கு ‘எர்’ (R). பெரிய தோட்டத்தின் பெயர், விலை குறைவு, அடித்தது யோகம் என்று வாங்கிவந்து ரோக்ஃபோரோடு திறந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லேபிளில் சோத்தெர்ன் அல்லது பர்சாக் என்ற சொல் இல்லாமல் போர்தோ என்று மட்டும் இருந்தால் அது நீங்கள் தேடும் ஒயின் அல்ல.

நான்காவது, கைக்காசு. சட்டப்படியே ஒரு ஹெக்டேரில் 25 ஹெக்டோலிட்டருக்கு (2,500 லிட்டர்) மேல் எடுக்கக் கூடாது, ஈக்கெம்மில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ்தான் தேறும் என்பார்கள். விலை குறையாததன் காரணம் அதுதான். பட்ஜெட் இடிக்கிறதென்றால் மிக மலிவான சோத்தெர்னை வாங்குவதைவிட, கரோனின் எதிர்க்கரையில் உள்ள லூப்பியாக், சாந்த்-க்ருவா-து-மோன், கதியாக் மூன்றில் ஒன்றை வாங்குங்கள். இன்னும் கிழக்கே மோன்பாஸியாக் இருக்கிறது. எங்கும் செமியோன், சோவின்யோன், மஸ்கடெல் என்ற அதே திராட்சைகள்தான். கனம் கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

அளவு: ஆறு பேருக்கு 375 மில்லி அரை பாட்டில் போதும். ஆளுக்கு 60 மில்லி. இது தாகத்துக்குக் குடிப்பதல்ல, இரண்டாவது கிளாஸ் கேட்பவர்கள் குறைவு. கேட்கிற நண்பர்கள் உங்களுக்கு உண்டு என்றால் முழு பாட்டில் வாங்குங்கள், மிச்சம் கெடாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

4. எந்த வயதுப் பாட்டில்

ஐந்து வருடத்துக்கு உட்பட்டதில் அன்னாசி, ஆரஞ்சுத் தோல், ஆப்ரிகாட், தேன் வாசம் தூக்கலாக இருக்கும், இனிப்பு முன்னால் வந்து நிற்கும். பதினைந்து, இருபது வருடம் ஆனால் நிறம் தங்கத்திலிருந்து பித்தளைக்கும் அப்புறம் பழுப்புக்கும் போகும், வாசத்தில் குங்குமப்பூ, வாட்டிய பாதாம், கருக்கிய சர்க்கரை எல்லாம் எட்டிப்பார்க்கும். சர்க்கரையின் அளவு அப்படியேதான் இருக்கும், ஆனால் நாக்குக்கு இனிப்பு குறைந்த மாதிரித் தோன்றும்.

ஆகவே பழ இனிப்புக்கும் நீலச் சீஸுக்கும் இளம் பாட்டில், கோழிக்கும் கடல் உணவுக்கும் வயதான பாட்டில். ஆண்டு தேடுகிறவர்களுக்கு 2001, 2009 இரண்டும் பெயர் பெற்றவை, விலையும் அப்படியே ஏறியிருக்கும். பூஞ்சணம் சரியாகப் பிடிக்காத ஆண்டும் உண்டு. 2012இல் ஈக்கெம் தன் பெயரில் சோத்தெர்னே வெளியிடவில்லை.

பழைய பாட்டில் பழுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று வயதுப் பாட்டில் அதே பழுப்பில் இருந்தால் மட்டும் வாங்காதீர்கள், எங்கோ வெயிலிலோ சூட்டிலோ கிடந்திருக்கிறது.

5. முந்தின நாள்

வயதான பாட்டில் என்றால் முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். அடியிலோ கார்க்கிலோ கண்ணாடித்தூள் போல மினுங்கும் படிகங்கள் தெரியலாம். அது திராட்சையின் இயல்பான உப்பு, கெடுதல் இல்லை. ஒருமுறை அதைப் பார்த்த புதுப் பையன் ஒருவன் உடைந்த கண்ணாடி என்று நினைத்துப் பாட்டிலையே தொட்டியில் கவிழ்த்துவிட்டான், நான் ஓடிப்போவதற்குள் பாதி போய்விட்டது.

பழைய கார்க் மிருதுவாக இருக்கும். திருகாணியை நேராக, மெதுவாக, ஏறக்குறைய அடிவரை இறக்கி இழுங்கள். பாதியில் இழுத்தால் பாதிதான் வரும்.

6. குளிர்ச்சி

இந்தப் படியில் தவறாதவரை நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் தவறலாம். அறைச் சூட்டில் கொடுத்தால் இனிப்பு வாயில் ஒட்டும், சாராயக் காரம் மூக்கில் ஏறும். ஏனென்றால் இதில் 13 முதல் 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து ஊற்றினால் வாசமெல்லாம் உறைந்துபோய், காசு கொடுத்து வாங்கியதில் பாதி கிடைக்காது.

இளம் பாட்டிலுக்கு 8 முதல் 10 டிகிரி, வயதானதற்கு 11 முதல் 13. வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரியில் இருக்கும், அதனால் மூன்று மணி நேரம் உள்ளே வைத்து, ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன் வெளியே எடுங்கள். பழையது என்றால் அரை மணி. அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் விட்டுப் பாட்டிலைக் கழுத்துவரை முக்குங்கள். வெறும் ஐஸ் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், பாட்டிலைத் தொடாது. ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள்.

7. கிளாஸ்

லிக்கர் ஊற்றும் விரல் நீளக் கிளாஸ் வேண்டாம். அதில் மூக்கை நுழைக்க இடமில்லை, இந்த ஒயினில் பாதி விஷயம் வாசத்தில்தான் இருக்கிறது. சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸில், மேலே குவிந்த வடிவத்தில், கால்வாசிக்கும் குறைவாக ஊற்றுங்கள். கொஞ்சமாக ஊற்றினால் குளிர்ச்சியும் கடைசிவரை நிற்கும்; தீர்ந்தால் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

8. ரோக்ஃபோரோடு

நீலச் சீஸ்களில் எனக்கு இதற்கு ஈடு இல்லை. செம்மறி ஆட்டுப் பால், ரோக்ஃபோர் ஊர்க் குகைகளில் முதிர்ந்தது, உப்பு கடுமையாக இருக்கும். ஒரு பூஞ்சணம் திராட்சையில், இன்னொரு பூஞ்சணம் பாலில், இரண்டும் சேர்ந்து ஒரே வாயில்.

சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள். குளிர்ந்த சீஸ் நாக்கில் கரையாது, வெறும் உப்பாகத் தெரியும். சாதா ரொட்டி அல்லது வால்நட் ரொட்டி போதும். இங்கே நடக்கும் தவறு, தட்டில் தேனும் அத்திப்பழ ஜாமும் சேர்த்து வைப்பது. ஒயினே அந்த வேலையைச் செய்கிறது. ஜாமும் வந்தால் விதி உடைந்துபோகும்.

ரோக்ஃபோர் சிலருக்கு வாயைக் கடிக்கிற மாதிரி இருக்கும். அவர்களுக்குப் பசும்பாலில் செய்த ஃபூர்ம் தாம்பேர் கொடுங்கள், மென்மையாக இருக்கும். முதிர்ந்த கோந்தே சீஸும் பொருந்தும், குறிப்பாக வயதான பாட்டிலோடு.

9. ஃபுவா க்ராவோடு

பாதி வெந்ததாக, குளிர்ந்த துண்டாகக் கிடைக்கும் வகை நல்லது. சூடான கத்தியால் ஒரு விரல் கனத்தில் நறுக்கி, மேலே கல்லுப்பும் மிளகும் தூவி, வாட்டிய ரொட்டியோடு கொடுங்கள். இங்கேயும் வெங்காய ஜாம், அத்தி ஜாம் என்று கடைக்காரர் கையில் திணிப்பார். வாங்காதீர்கள், அல்லது நகக்கண் அளவு மட்டும் வையுங்கள்.

வாத்துக்கு வலுக்கட்டாயமாகத் தீனி ஊட்டித்தான் ஃபுவா க்ரா எடுக்கிறார்கள். அதில் மனம் ஒப்பாதவர்கள் கோழி ஈரலை வெண்ணெயோடு அரைத்த பாத்தே செய்யலாம். இரண்டிலும் கொழுப்பும் ஈரல் வாசமும்தான் விஷயம், ஒயினுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

10. வறுத்த கோழியோடு

யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் சோத்தெர்ன் ஊர்க்காரர்களைக் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான். முழுக் கோழிக்கு உப்பை நன்றாகத் தேய்த்து, தோலுக்கடியில் வெண்ணெய் வைத்து, ஓவனில் தோல் மொறுமொறுப்பாகும்வரை வாட்டுங்கள். தோலின் உப்பும் கொழுப்பும் கருகிய வாசமும், வயதான ஒயினின் கருக்கிய சர்க்கரை வாசமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். பக்கத்தில் வாட்டிய கேரட், பூசணி இருக்கலாம்.

தோலை உரித்துவிட்டு, வேகவைத்த நெஞ்சுக்கறியோடு கொடுத்தால் இது எடுபடாது, ஏனென்றால் பிடித்துக்கொள்ள அங்கே கொழுப்பு இல்லை. மிளகாய் போடாதீர்கள். ஒயினின் இனிப்பு காரத்தைக் கொஞ்சம் அடக்கினாலும், 14 சதவீத ஆல்கஹால் அதைக் கிளறிவிடும். இஞ்சி, குங்குமப்பூ, எலுமிச்சை போன்றவை பிரச்சினை இல்லை.

வெண்ணெயில் வாட்டிய ஸ்காலப் சிப்பி, க்ரீம் சாஸில் லாப்ஸ்டர் இவையும் இதே கணக்குதான். எலுமிச்சை பிழிந்த பச்சை மீன் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, புளிப்போடு புளிப்பு மோதுகிறது.

11. இனிப்போடு, அவசியம் என்றால்

விருந்தினர் இனிப்போடுதான் கேட்கிறார்கள் என்றால், சர்க்கரையை நீங்களே கையாளும் இனிப்பாகச் செய்யுங்கள். ஆப்ரிகாட் தார்த் (மேல்மூடி இல்லாத பை), பாதாம் விழுது வைத்த பை, ஆப்பிளைக் கவிழ்த்துச் சுடும் தார்த் தத்தான். செய்முறையில் சொல்லும் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். புளிப்பு ஆப்பிளாக எடுங்கள். கஸ்டர்டின் மேல் சர்க்கரையைக் கருக்கிச் செய்யும் க்ரேம் ப்ருலே பொருந்தும், மேலே உள்ள சர்க்கரைத் தகடு மெல்லியதாக இருந்தால்.

சாக்லேட் வேண்டாம், அதன் கசப்பு வாயில் பூசிக்கொண்டு ஒயினை அழித்துவிடும். ஐஸ்கிரீமும் வேண்டாம், குளிரில் நாக்கு மரத்துப்போகும்.

விருந்தினர் வருமுன் இதைச் சோதித்துப் பாருங்கள்: ஒரு வாய் இனிப்பு, ஒரு மிடறு ஒயின், மறுபடி ஒரு வாய் இனிப்பு. ஒயின் மெலிந்து புளித்தால் இனிப்பு அதிகம். அப்போது தட்டை மாற்ற நேரமில்லை என்றால் பேசாமல் முதலில் ஒயினைத் தனியாகக் கொடுங்கள், நாலைந்து உப்பு பாதாம் வைத்து. கிளாஸ் காலியானபின் இனிப்பைக் கொண்டுவாருங்கள். எனக்கென்னவோ இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

12. மிச்சம்

சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து காவல் காப்பதால் திறந்த பாட்டில் உடனே கெடாது. அதே கார்க்கைச் சுத்தமான முனை உள்ளே போகும்படி அடைத்து, ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும், இளம் பாட்டில் என்றால் இரண்டு வாரம்கூட. படுக்க வைத்தால் அதிகப் பரப்பு காற்றில் படும். மிக வயதான பாட்டிலை மட்டும் ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள், திறந்தபின் அதன் வாசம் சீக்கிரம் மங்கும்.

அடியில் இரண்டு கரண்டி மிஞ்சினால், கோழி வாட்டிய தட்டிலிருந்து கொழுப்பை வடித்துவிட்டு அதை ஊற்றி, ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கொதிக்கவிட்டால் அதுவே சாஸ். பாட்டிலைக் கவிழ்ப்பதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து வண்டல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.